சலவை நீரும் ஓர் ஆய்வுத் திட்டமும்

நுழையும்முன்

துணி துவைத்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுவது நம் வீடுகள் பலவற்றில் உள்ள வழக்கம். நீர் அரிதாகும் கோடையில் அது சிக்கனமும் ஆகும். சலவைத்தூள் கலந்த நீர் பயிரைக் கெடுக்கும் என்பார் சிலர். ஒன்றும் ஆகாது என்பார் வேறு சிலர். இரண்டும் கருத்துகளே. கருத்தைச் சான்றுகொண்டு சோதித்தறிய உதவுவது ஆய்வுத் திட்டம். அதனை வகுக்கும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நுரை சொன்ன செய்தி

நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எண்ணெய்ப்பசையோடு ஒட்டிய அழுக்கைத் துணியிலிருந்து பிரிப்பது டிடர்ஜெண்டின் பணி. 1950களில் மேலை நாடுகளில் பெருகிய டிடர்ஜெண்டுகளின் மூலக்கூறுகள் கிளைத்த சங்கிலி அமைப்புடையவை. நுண்ணுயிரிகளால் அவற்றை எளிதில் சிதைக்க இயலவில்லை. எனவே, கழிவுநீர் கலந்த ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. 1965ஆம் ஆண்டளவில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் எளிதில் சிதையும் நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளுக்கு மாறினர், நுரை தணிந்தது.

ஆயினும் மற்றொரு சிக்கல் எஞ்சி நின்றது. கடின நீரிலும் நன்கு வெளுக்கும்பொருட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட் சேர்க்கப்பட்டது. அது நீர்நிலைகளை அடைந்து பாசிகளுக்கு உரமாகிறது என்று அறிவியலாளர் சிலர் கூறினர். பாசிப் பெருக்கத்திற்குக் கார்பனே காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர்.

இருகூறான ஏரி

இவ்வழக்கைத் தீர்க்க வழிகாட்டியது ஓர் எளிய சோதனை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 226 என்னும் எண்ணால் குறிக்கப்படும் சிற்றேரி நடுவில் இடை சிறுத்தது. 1973ஆம் ஆண்டு டேவிட் ஷின்ட்லர் என்னும் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் அவ்விடத்தில் திரையிட்டு ஏரியை இரண்டாகப் பிரித்தனர். இரு பகுதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். ஒரு பகுதியில் மட்டும் பாஸ்பரசும் சேர்த்தனர். பாஸ்பரஸ் பெற்ற பகுதி பாசி படர்ந்து பசுமையாயிற்று. மற்றது தெளிவாகவே இருந்தது.

இரு பகுதிகளுக்கும் இடையே வேறுபாடு ஒன்றே ஒன்று. ஆகவேதான் விளைவின் காரணத்தை ஐயமின்றிச் சுட்ட முடிந்தது. பள்ளியில் செய்யும் ஆய்வுக்கும் இதுவே அடிப்படை விதி.

வினாவைச் சுருக்குதல்

'டிடர்ஜெண்ட் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா?' என்னும் வினா மிக அகன்றது. ஒரு பருவத்தில் எவராலும் விடைகாண இயலாது. 'ஒரு லிட்டர் நீரில் எத்தனை கிராம் சலவைத்தூள் கலந்தால் பச்சைப்பயற்றின் முளைப்புக் குறைகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். இப்போது எதை அளப்பது, எதை மாற்றுவது என்பது தெளிவாகிறது.

ஆய்வை வகுத்தல்

பத்துக் கிராம் சலவைத்தூளை நீரில் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக்குக. அதில் 100 மில்லிலிட்டர் எடுத்து நீர்சேர்த்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 1 கிராம் கிடைக்கும். 10 மில்லிலிட்டர் எடுத்து அவ்வாறே செய்தால் 0.1 கிராம். மிகச் சிறிய எடையை நிறுக்க வேண்டிய இடர்ப்பாடு இதனால் நீங்குகிறது. நான்காவதாக, தூள் கலவாத அதே நீரையும் வைத்துக்கொள்க. இது கட்டுப்பாட்டுச் சோதனைக்கு உரியது. இஃது இல்லையேல் ஒப்பிட வழியில்லை.

ஒவ்வொரு கரைசலுக்கும் மூன்று தட்டுகள், தட்டுக்கு 20 விதைகள் என 12 தட்டுகளில் 240 விதைகளை இடுக. பஞ்சின் அளவு, ஊற்றும் கரைசலின் அளவு, வெளிச்சம், இடம் ஆகிய அனைத்தும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தட்டுகளின்மேல் எண்களை மட்டும் எழுதுக. எந்த எண் எந்தக் கரைசலுக்குரியது என்பதை எண்ணிக் கணக்கிடும் மாணவர் அறியலாகாது. எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றும். முளைத்தவற்றை நாள்தோறும் எண்ணுக. ஐந்தாம் நாள் வேரின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து சராசரி காண்க.

மீன் முதலிய உயிர்களை இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது. எஞ்சிய கரைசலைக் கிணற்றிலோ குளத்திலோ கொட்டலாகாது.

முடிவும் அதன் எல்லையும்

உங்கள் வீட்டு வாளியில் எத்தனை லிட்டர் நீருக்கு எவ்வளவு தூள் இடுகின்றனர் என்பதையும் அளந்து வாருங்கள். அவ்வளவு உங்கள் பட்டியலில் எங்கே அமைகிறது என்பதே ஆய்வை வாழ்க்கையோடு இணைக்கும்.

நான்கிலும் முளைப்பு ஒன்றாகவே இருந்தால் ஆய்வு தோற்றது என எண்ண வேண்டா. அதுவும் முடிவே, கண்டவாறே எழுதுக. விருப்பத்திற்கு ஏற்ப எண்ணைத் திருத்துவதே தோல்வி. மேலும், ஐந்து நாள் முளைத்த பயற்றைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் சலவை நீர் உண்ட வாழையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. அதற்கு வேறு வினா, வேறு சோதனை வேண்டும். இவ்வளவே அறிந்தோம் என்று எல்லை வகுத்துக் கூறும் அறிக்கையையே பிறர் நம்புவர். வாழைக்கு எந்நீர் பாய்ச்சுவது என்று முடிவெடுக்க வேண்டிய உங்கள் வீட்டாரும் நம்புவர்.

கற்பவை கற்றபின்

1. ஏரியைத் திரையிட்டுப் பிரிக்காமல் பாஸ்பரசை இட்டிருந்தால் முடிவில் எழக்கூடிய ஐயங்கள் யாவை?
2. 'சலவை நீர் மண்ணுக்குக் கேடு' என்னும் கூற்றை, அளந்தறியத்தக்க வினாவாக மாற்றி எழுதுக.
3. உங்கள் குழுவின் ஆய்வுத் திட்டத்தை ஒரு பக்க அளவில் வரைக.