பிளம்பிங் கற்க வருகிறவர்களுக்கு

பிளம்பர் செய்யும் வேலையில் பெரும்பகுதி சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்துவிடும். ஒரு இணைப்பு கசிந்தாலும் டைல்ஸை உடைத்தாக வேண்டும். ஆகவே, மூடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் இந்தத் தொழிலில் பெயர் வாங்கித் தரும்.

எங்கே சேரலாம்?

ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டு. ஆலைகளில் பைப் ஃபிட்டராக விரும்பினால் இரண்டாண்டு ஃபிட்டர் பிரிவு உதவும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனத்தில் சேர்ந்தால், பழகும் காலத்திலேயே உதவித்தொகை கிடைக்கும். மூத்த பிளம்பரிடம் உதவியாளாகப் போனால் கைப்பழக்கம் சீக்கிரம் வரும். ஆனாலும் நிறுவன வேலைக்குப் போகும்போது சான்றிதழ் கேட்பார்கள்.

முதலில் கைவர வேண்டியவை

பைப்பைப் பார்த்ததும் இனம் சொல்லப் பழகுங்கள். குளிர்ந்த நீருக்கு யு.பி.வி.சி., வெந்நீருக்கு சி.பி.வி.சி., கழிவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். அந்தந்தப் பைப்புக்கு உரிய சால்வென்ட் சிமெண்டையே பூசுங்கள். வெட்டிய முனையில் பிசிர் நீக்கி, துடைத்து, பூசி, கால் சுற்று திருப்பியபடி செருகி, சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஜி.ஐ. பைப்பில் மரை இறுகும் திசையிலேயே டெஃப்ளான் டேப்பைச் சுற்றுங்கள்.

தண்ணீரின் கணக்கு

நாலு இஞ்ச் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி வாட்டம் கொடுப்பது வழக்கம். தொட்டி ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1 பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள ஷவரில் வேகம் குறைவது இதனால்தான்.

மூடும் முன்

ஒட்டியது நன்றாகக் காய்ந்த பிறகு முனைகளை அடைத்து, காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுங்கள். கேஜ் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. பிளாஸ்டிக் பைப்பை அழுத்தக் காற்றால் சோதிக்கவே கூடாது, வெடித்துச் சிதறும்.

உயிர் முக்கியம்

செப்டிக் டேங்குக்குள் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பூச்சு வேலைக்கு முன், டேப்பை வைத்து அளவு தெரியும்படி லைன்களைப் படமெடுத்து வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பின்னாளில் சுவரில் துளை போட வருபவர் உங்கள் பைப்பை உடைக்க மாட்டார். அடுத்த வேலைக்கும் உங்களையே அழைப்பார்கள்.