இந்தத் தண்ணி எங்கை போகுது?

பிள்ளைகளே, இந்தப் பாடத்தை வாசிக்கத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. வீட்டு வாசலுக்கு வந்து தெருவைப் பாருங்கள். தெருவோரத்தில் ஓர் இரும்பு மூடி இருக்கும். அதில் நிறைய ஓட்டைகள் இருக்கும். பந்து விளையாடும்போது பந்து உருண்டு போய் அங்கேதான் நிற்கும். கண்டுபிடித்தீர்களா? சரி, இனி உள்ளே வாருங்கள், வாசிப்போம்.

ஒரு சனிக்கிழமை, அஜக்ஸில் ஒரு வீட்டு வாசலில் அக்காவும் தம்பியும் கார் கழுவினார்கள். அம்மம்மா கதிரையில் இருந்து பார்த்தார். வாளி நிறையச் சவர்க்கார நுரை. நுரைத் தண்ணீர் வாசலில் வழிந்து, தெருவுக்கு இறங்கி, அந்த இரும்பு மூடிக்குள் விழுந்தது.

"தம்பி, இந்தத் தண்ணி எங்கை போகுது?" என்று அம்மம்மா கேட்டார்.

"கீழை போகுது அம்மம்மா."

"கீழை எண்டால் எங்கை?"

தம்பிக்குத் தெரியவில்லை. அக்கா யோசித்தாள். "ஊத்தைத் தண்ணியைச் சுத்தம் செய்யிற இடத்துக்குப் போகும் எண்டு நினைக்கிறன்" என்றாள்.

"எங்கட ஊரிலை கிணத்தடியிலை குளிக்கிற தண்ணி எங்கை போகுது எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாய்க்காலாலை ஓடி வாழைக்குப் போகும்" என்றார் அம்மம்மா.

அம்மம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. அதுவும் மழைக்காலத்தில்தான் ஓடும். அங்கே நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தக் கல்லின் இடுக்குகளில் இறங்கி நிற்கும். அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிப்பார்கள். அதனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்பது அம்மம்மாவுக்குப் பழக்கம்.

அக்கா சொன்னது சரியா? பாதிதான் சரி.

உங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. குசினியில் கோப்பை கழுவும் தண்ணீர், குளிக்கும் தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் ஒரு குழாயில் போகின்றன. அந்தக் குழாய் பிக்கரிங்கில், ஏரிக் கரையில் இருக்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஊத்தையை எடுத்த பிறகுதான் தண்ணீரை ஒன்ராறியோ ஏரிக்குள் விடுகிறார்கள்.

தெருவில் இருக்கும் இரும்பு மூடி வேறு குழாய். அது மழைத் தண்ணீருக்கு மட்டும். மழை பெய்யும்போது தெருவில் வெள்ளம் நிற்காமல் இருக்க அதை வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஓடைக்குப் போகிறது. சில இடங்களில் போகிற வழியில் ஒரு குளம் இருக்கும். அந்தக் குளத்தில் மண்ணும் குப்பையும் கொஞ்சம் அடியில் தங்கும். ஆனால் தண்ணீரில் கரைந்த சவர்க்காரமும் உப்பும் அப்படித் தங்காது. தண்ணீரோடு போய்விடும்.

அஜக்ஸில் அந்த ஓடை எது? ஊரின் கிழக்கே இருந்தால் கரதர்ஸ் ஓடை. மேற்கே இருந்தால் டஃபின்ஸ் ஓடை. 401 நெடுஞ்சாலையில் பிக்கரிங் பக்கம் போகும்போது கார் ஒரு பாலத்தைத் தாண்டும். அதன் கீழே ஓடுவது டஃபின்ஸ் ஓடைதான். கார் வேகமாகப் போவதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

"நாளைக்குப் போய்ப் பாப்பம்" என்றார் அம்மம்மா.

நீங்களும் போய்ப் பாருங்கள். ரோட்டறி பூங்காவுக்குப் போனால் டஃபின்ஸ் ஓடை ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் இடத்தைக் காணலாம். அங்கே சேற்று நிலமும் நாணலும் இருக்கும். பறவைகள் நிறைய வரும். வடக்கே கிறீன்வூட் பூங்காவுக்குப் போனால் ஓடை வேறு மாதிரி இருக்கும். கற்கள் மேல் சலசல என்று ஓடும். கோடையிலும் அந்தத் தண்ணீர் குளிராக இருக்கும். ஏன் தெரியுமா? இன்னும் வடக்கே ஓக் றிட்ஜஸ் என்ற நீண்ட மேடு இருக்கிறது. மணலும் சிறு கல்லும் நிறைந்த மேடு அது. பனியுகத்தில் பெரிய பனிப்பாறைகள் அந்த மண்ணைக் கொண்டுவந்து குவித்தன. மழையும் உருகிய பனியும் அந்த மணலுக்குள் இறங்கி, பிறகு ஊற்றாக வெளியே வருகின்றன. நிலத்துக்குள் இருந்து வரும் தண்ணீர் குளிராகத்தானே இருக்கும்? அம்மம்மா ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் நிலத்துக்குள் இருந்துதான் வருகிறது. கல் வேறு, மணல் வேறு, கதை ஒன்றுதான்.

இந்த ஓடைக் கரையில் மனிதர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன், இன்றைய பிக்கரிங்கில், இந்த ஓடைக்கு அருகே வென்டாட் மக்களின் பெரிய ஊர் ஒன்று இருந்தது. சோளம் பயிரிட்டு வாழ்ந்தார்கள்.

ஓடைக் கரையில் ஏன் இப்போது வீடுகள் அதிகம் இல்லை? அதற்கும் காரணம் உண்டு. 1954ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் திகதி ஹேசல் என்ற புயல் ரொறன்ரோவுக்கு வந்தது. ஒரே இரவில் ஆறுகள் பெருகின. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றின் கரையில் ஒரு தெருவில் இருந்த வீடுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நீங்கள் இன்று ஆற்றோரம் சைக்கிள் ஓடும் பாதைகள் பல அப்படி விட்ட இடத்தில்தான் இருக்கின்றன.

சரி, ஓடைக்கு வந்துவிட்டோம். இனி என்ன செய்வது? கல்லைப் புரட்டிப் பாருங்கள்!

பிக்கரிங்கில் இதே ஓடைக் கரையில் கிளேர்மொன்ற் இயற்கை மையம் இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளை வெளியில் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பிக்கிறார்கள். அப்படிப்பட்ட வகுப்புகளில் பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை இதுதான். ஒரு கல்லை மெதுவாகத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வால் இருந்தால் அது ஸ்ரோன்ஃபிளைக் குஞ்சாக இருக்கலாம். மூன்று வால் இருந்தால் மேஃபிளைக் குஞ்சாக இருக்கலாம். சின்ன மணலையும் கல்லையும் ஒட்டித் தனக்கு ஒரு குழாய் வீடு கட்டியிருந்தால் அது கடிஸ்ஃபிளைக் குஞ்சு. பசை அதன் வாயிலிருந்தே வரும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது வெறும் குப்பை என்று நினைத்தேன். பிறகு குப்பை நடந்தது!

இந்தப் பூச்சிகளில் பல ஊத்தைத் தண்ணீரில் வாழ மாட்டா. கல்லின் கீழே அவை நிறைய இருந்தால் தண்ணீர் நல்லது. புழுக்கள் மட்டும் இருந்தால் ஏதோ பிழை. பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். அது அவற்றின் வீட்டுக் கூரை.

பூச்சிகளைத் தின்ன மீன்கள் வரும். இப்போது மீனின் கதை.

முன்பு ஒன்ராறியோ ஏரியிலும் அதில் கலக்கும் ஓடைகளிலும் அத்திலாந்திக் சால்மன் மீன் ஏராளமாக இருந்தது. பிறகு மனிதர்கள் மரங்களை வெட்டினார்கள். ஆலைகளுக்காக ஓடைகளை மறித்து அணை கட்டினார்கள். மீனையும் அளவில்லாமல் பிடித்தார்கள். சால்மன் ஏரியிலிருந்து ஓடைக்கு ஏறி வந்து, கற்களுக்கு நடுவே முட்டை இடும் மீன். அணை இருந்தால் ஏற முடியாது. மரம் இல்லாத கரையிலிருந்து சேறு வந்து கற்களை மூடினால், முட்டைக்கு மூச்சு இல்லை. 1898இல் ஒன்ராறியோ ஏரியில் அத்திலாந்திக் சால்மன் ஒன்றுகூட இல்லாமல் போனது.

"சிப்டெம்பரிலை நான் ஓடையிலை பெரிய சால்மன் கண்டனான்!" என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சினூக் சால்மன். பசிபிக் பக்கத்து மீன். 1960களின் கடைசியில் அதைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள்.

போன மீனைத் திரும்பக் கொண்டுவர 2006இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. அதற்குத் தெரிந்தெடுத்த ஓடைகளில் நமது டஃபின்ஸ் ஓடையும் ஒன்று. ஒன்ராறியோவில் பல வகுப்பறைகளில் இதற்காக மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் முட்டைகள் வரும். தொட்டித் தண்ணீரைக் குளிராகவே வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பார்கள். முதலில் முட்டைக்குள் இரண்டு கறுப்புக் கண்கள் தெரியும். பிறகு குஞ்சு வரும். வசந்தத்தில் அவற்றைக் கொண்டுபோய் ஓடையில் விடுவார்கள். விட்டதெல்லாம் பெரிய மீனாகத் திரும்பி வருவதில்லை. இன்னும் கொஞ்சம்தான் வருகின்றன. ஆனாலும் விடுகிறார்கள்.

அக்காவும் தம்பியும் ஓடைக் கரையில் நின்றார்கள். ஓரிடத்தில், கரையில் ஒரு பெரிய குழாய் வாய் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா, எங்கட நுரை இதாலைதான் வந்ததோ?" என்று தம்பி கேட்டான்.

அக்கா பேசவில்லை. சவர்க்காரம் மீனின் செவுளுக்குக் கூடாது. மீனின் உடலை மூடிக் காக்கும் வழுவழுப்பையும் அது கரைத்துவிடும். குளிர்காலத்தில் தெருவில் போடும் உப்பும், காரிலிருந்து ஒழுகும் எண்ணெயும் இதே வழியால்தான் வருகின்றன.

வீட்டுக்கு வந்தால், சித்தப்பா தன் காரைக் கழுவ வாளியோடு நிற்கிறார்!

"சித்தப்பா, உதிலை கழுவாதேங்கோ. அந்தத் தண்ணி நேரை ஓடைக்குப் போகுது" என்றான் தம்பி.

"ஒரு வாளித் தண்ணியிலை என்னடா வரப்போகுது?"

"எங்கட தெருவிலை எத்தினை கார் நிக்குது, எண்ணிப் பாருங்கோ."

சித்தப்பா சிரித்தார். ஆனால் எண்ணினார். இருபத்தாறு.

"அப்ப நான் எங்கை கழுவுறது?"

"கார் கழுவுற கடையிலை. அங்கத்தைத் தண்ணி சுத்தம் செய்யிற இடத்துக்குப் போகும். இல்லாட்டில் சவர்க்காரம் போடாமல், புல்லுக்கு மேலை விட்டுக் கழுவுங்கோ. தண்ணி மண்ணுக்குள்ளை இறங்கும்."

"வாழைக்கு விடுற மாதிரி" என்றார் அம்மம்மா.

சித்தப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் ஊற்றினார். "இண்டைக்கு மட்டும்" என்றார். அடுத்த கிழமை என்ன செய்வாரோ, தெரியாது. தம்பி வாசலில் நின்று பார்க்கப் போகிறானாம்.

புதிய சொற்கள்

ஓடை: சின்ன ஆறு.
சுத்திகரிப்பு: ஊத்தையை நீக்குதல்.
ஊற்று: நிலத்திலிருந்து தானாக வரும் தண்ணீர்.
செவுள்: மீன் மூச்சு விடும் உறுப்பு.

பேச்சில் "எங்கை போகுது", எழுத்தில் "எங்கே போகிறது". இந்தப் பாடத்தில் இப்படி இன்னும் ஐந்து பேச்சுச் சொற்களைத் தேடி, எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.

வெளியே போய்ச் செய்வோம்

பெரியவர் ஒருவரோடு மட்டும் போங்கள். வசந்தத்தில் பனி உருகும்போது ஓடை வேகமாக ஓடும். அப்போது தண்ணீருக்குக் கிட்டப் போக வேண்டாம். நீளக் காற்சட்டை போடுங்கள். புல்லில் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கால்களைப் பாருங்கள்.

உங்கள் தெருவில் எத்தனை இரும்பு மூடிகள் இருக்கின்றன? எண்ணுங்கள். எதற்காவது பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு மீன் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். 1991இலிருந்து கனடாவின் பல ஊர்களில் பிள்ளைகள் அப்படி வரைந்து வருகிறார்கள். இந்த வழியால் போவது மீனிடம் போகிறது என்று அதற்குப் பொருள்.

உங்கள் அம்மம்மா, அப்பப்பா அல்லது வேறொரு பெரியவரிடம் கேளுங்கள்: "நீங்கள் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை தண்ணி எங்கையிருந்து வந்தது? பாவிச்ச தண்ணி எங்கை போனது?" அவர் சொல்வதை ஆறு வசனத்தில் எழுதி, அடுத்த வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.