கம்பெனி மாறாதவர் கட்டும் பில்

கேள்வி: பிரிட்டனில் வீட்டு மின்சாரம் விற்கப் பல கம்பெனிகள் உண்டாமே. போட்டி ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அதைக் கவனிக்கிறது. எத்தனை பேர் கம்பெனி மாறினார்கள், லாபம் எவ்வளவு, புகார்கள் எத்தனை என்றெல்லாம் பார்க்கும். என்னைக் கேட்டால், மாறாமலே இருப்பவர் கட்டும் தொகைக்கும் சந்தையின் மலிவான கட்டணத்துக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையைச் சொல்லும். 2016-ல் போட்டி ஆணையம் விசாரித்தபோது, ஆறு பெரிய கம்பெனிகளின் வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் விலை கூடிய வழக்கமான கட்டணத்திலேயே இருந்தார்கள். கம்பெனி மாறாதவர்களில் முதியவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் அதிகம் என்பதுதான் கொடுமை. 2019 ஜனவரியில் அந்த வழக்கமான கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. 2021-ல் மொத்த விற்பனை விலை எகிறியதும் இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூழ்கின. அவை மூழ்கியதால் வந்த செலவு எல்லார் பில்லிலும் விழுந்தது. இப்போது கம்பெனியின் கையில் போதிய முதல் இருக்கிறதா என்றும் ஆஃப்ஜெம் பார்க்கிறது.