நிறுத்திய உணவை மீண்டும் கொடுக்கலாமா?

பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு வேறு உணவுகளையும் கொடுக்கத் தொடங்குகிறோம். முட்டை கொடுத்த அன்று உடம்பில் தடிப்பு எழும்புகிறது. "இது கிரந்தி, இனி முட்டை வேண்டாம்" என்கிறார் அம்மம்மா. அடுத்த மாதம் மீன் நிற்கிறது, பின்பு கச்சான், பின்பு பயறு. ஒரு வயதாகும்போது அந்தப் பிள்ளைக்குச் சோறும் பருப்புத் தண்ணீருமே மிஞ்சுகின்றன. கிளினிக் அட்டையில் நிறைக்கோடு ஏறாமல் நிற்கிறது.

சொந்தக் காணியில் இருந்தபோது முட்டையை நிறுத்தினால் பாலும் பயறும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இடம்பெயர்ந்த வீட்டில் ஓர் உணவை விலக்கினால் அந்த இடத்தை நிரப்ப வேறொன்று இலகுவில் கிடைப்பதில்லை. ஆகவே, நிறுத்திய உணவு உண்மையிலேயே பிள்ளைக்கு ஒத்துவராததுதானா என்று அறிவது அவசியம்.

எல்லாத் தடிப்பும் ஒவ்வாமை அல்ல

வேர்க்குரு, நுளம்புக்கடி, சொறி, காய்ச்சலோடு வரும் தடிப்பு ஆகியன நெருக்கமாக வாழும் இடங்களில் சாதாரணம். சுத்தமில்லாத நீராலும் வயிற்றோட்டம் வரும். தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பான உணவு பட்டு வாயைச் சுற்றிச் சிவப்பதும் உண்டு.

உண்மையான ஒவ்வாமை இரு வகையாகத் தெரியும். ஒன்று, சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வருவது: தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிழுப்பு. மற்றது, பல மணித்தியாலங்கள் அல்லது இரண்டு மூன்று நாட்கள் கழித்து வருவது: வயிற்றோட்டம், மலத்தில் சளி அல்லது இரத்தம், கரப்பான் கூடுதல்.

வீட்டில் முயலக்கூடாதவர்கள்

முன்பு அந்த உணவால் மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம், உடல் முழுவதும் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி ஆகியவற்றில் ஒன்றேனும் வந்திருந்தால், சிறு துண்டும் வீட்டில் கொடுக்கவேண்டாம். முட்டு வருத்தம் அல்லது கடும் கரப்பான் உள்ள பிள்ளைக்கும், மலத்தில் இரத்தம் போன பிள்ளைக்கும் இதுவே விதி. இவர்களை வைத்தியசாலையில் குழந்தை வைத்திய நிபுணரே சோதிக்கவேண்டும்.

மற்றவர்களும் முதலில் மருத்துவமாதுவிடம் அல்லது கிளினிக் வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்த பின்பே தொடங்குங்கள்.

செய்யும் முறை

முட்டையை உதாரணமாக எடுப்போம்.

1. பிள்ளைக்குக் காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் இல்லாத நாளைத் தெரிவுசெய்யுங்கள். தடுப்பூசி போட்ட நாள் வேண்டாம்.

2. காலையில் கொடுங்கள். நித்திரைக்கு முன் கொடுத்தால் வரும் மாற்றம் தெரியாமற் போகலாம். உதவிக்கு இன்னொருவர் அருகில் இருக்கட்டும்.

3. முட்டையை நீர் கொதிக்கத் தொடங்கியபின் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அவியுங்கள். அரைவேக்காடு கூடாது.

4. முதல் நாள் மிளகளவு துண்டை மசித்து, பழகிய கஞ்சியில் கலந்து கொடுங்கள். இரண்டு மணித்தியாலம் பிள்ளையை விட்டு அகலவேண்டாம்.

5. மாற்றம் இல்லையெனில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டுங்கள்: கால் தேக்கரண்டி, அரை, ஒன்று, இரண்டு. வைத்தியர் வேறு அளவு சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

6. இந்த நாட்களில் வேறு புதிய உணவு எதுவும் கொடுக்கவேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம்.

7. ஒரு கொப்பியில் திகதி, அளவு, நேரம், கண்டது என எழுதுங்கள். கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோங்கள்.

பசுப்பாலானால் நேரே பால் கொடுக்காமல், பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டின் சிறு துண்டை ஊறவைத்துத் தொடங்குவது வழக்கம். நன்றாக வேகும்போது பாலிலும் முட்டையிலும் உள்ள ஒவ்வாமைத் தன்மை குறையும். கச்சானுக்கு இது பொருந்தாது. வறுத்தாலும் அதன் தன்மை குறையாது. கச்சானை நன்றாக அரைத்துக் கஞ்சியில் கலந்தே கொடுக்கவேண்டும். ஐந்து வயதுக்கு முன் முழுக் கச்சான் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்.

மாற்றம் கண்டால்

வாயருகே சிறு சிவப்பு மட்டும் தோன்றினால், அன்று நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள். அடுத்த முயற்சிக்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சு இழுத்தல், குரல் அடைத்தல், நாக்கு வீங்குதல், உடம்பு தளர்ந்து வெளிறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் நேரம் கடத்தவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரத் தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குப் போங்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜிப் பாணி மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

பயந்து விலக்குவதால் நன்மையா?

ஒருகாலத்தில் வைத்தியர்களும் விலக்கச் சொன்னார்கள். ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கச்சான் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2000 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. 2008 இல் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015 இல் வெளியானது. கச்சானைத் தவிர்த்த பிள்ளைகளில் நூற்றுக்குப் 17 பேருக்கு ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை இருந்தது. சிறுவயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் அது நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும்.

ஆகவே, ஒத்துக்கொண்ட உணவைக் கிழமையில் இரண்டு மூன்று தரம் தொடர்ந்து கொடுங்கள். மீண்டும் மாதக்கணக்கில் விட்டுவிடவேண்டாம்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் வீட்டில் "கிரந்தி" என்று நிறுத்திய உணவுகள் எவை? அன்று என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் நடந்தது?

2. அந்த உணவுக்குப் பதிலாக இன்று பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறீர்கள்?

3. இரவில் அவசரம் நேர்ந்தால் உங்கள் குடியிருப்பில் யாருடைய வாகனம் கிடைக்கும்? அதை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள்.