மூளை அதிர்ச்சிக்கு ஓய்வு மட்டும் போதுமா?

விளையாடும்போது தலையில் பந்து மோதினாலோ, தவறி விழுந்து தலை தரையில் பட்டாலோ, சிலருக்குத் தலை சுற்றும், கண் கூசும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதமாகும். இதனை மூளை அதிர்ச்சி என்பர். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதால் நரம்பணுக்களின் வேலை சில காலம் தடுமாறுகிறது. ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலையில் கட்டும் இருக்காது. ஆகவே, "வகுப்புக்கு வராமலிருக்கப் பாசாங்கு செய்கிறாள்" என்று நாமே சொல்லிவிடுகிறோம்!

தொல்லைகள் யாவும் நீங்கும்வரை இருட்டறையில் படுத்திருப்பதே இதற்கு மருந்து என்று முன்பு பலர் கருதினர். படிப்பு கூடாது, தொலைக்காட்சி கூடாது, தோழியரும் வரக் கூடாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில மருத்துவர்கள் இதனைச் சோதித்து, 2015ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். 11 முதல் 22 வயது வரையுள்ள 88 பேர் அதில் பங்குகொண்டனர். ஒரு பகுதியினருக்கு ஐந்து நாள் முழு ஓய்வு. மற்றவர்க்கு ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக வழக்கமான வாழ்க்கை. முழு ஓய்வு கூறப்பட்டவர்களுக்கே தொல்லைகள் அதிகமாக இருந்தன!

இதில் வியப்பில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. பகலெல்லாம் படுத்திருந்தால் இரவில் உறக்கம் வராது, உடல் தளரும், தனிமையில் கவலை பெருகும். பரீட்சை நெருங்கிவிட்டால் சொல்லவும் வேண்டுமா?

பஃபலோ நகர மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். அடிபட்ட சில நாட்களிலேயே நோயாளியை நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடக்கவிட்டு, தலைவலி கூடத் தொடங்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டனர். அதில் 80 விழுக்காடே அவருக்கு எல்லை. துடிப்பு 150 என்றால், 120ஐத் தாண்டாதபடி நாள்தோறும் சுமார் 20 நிமிடப் பயிற்சி. 13 முதல் 18 வயதுடைய 103 பேரிடம் செய்த இந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. பயிற்சி செய்தவர்களில் பாதிப்பேர் 13 நாட்களுக்குள் குணமடைந்தனர். கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாட்களாயின.

அதற்காக உடனே ஆட்டத்துக்கு ஓடிவிடலாம் என்று எண்ண வேண்டாம், தோழியரே! குணமாகுமுன் தலையில் மீண்டும் அடிபடுவது பேராபத்து. அடிபட்ட அன்றே ஆட்டத்தை விட்டு விலக வேண்டும். வாந்தி தொடர்ந்தாலும், வலிப்பு வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றபடி முதல் ஓரிரு நாள் வீட்டில் சிறிது நடக்கலாம். கைப்பேசியைக் குறைக்க வேண்டும். பின்னர் முதலில் பள்ளி, அதன் பிறகே பந்தாட்டம். முதல் சில நாள் அரை நேர வகுப்பு, இடையிடையே சிறு ஓய்வு, தேர்வுக்குத் தவணை ஆகியவற்றை ஆசிரியைகளிடம் பெற்றோர் கேட்டுப் பெறலாம். மோதி விளையாடும் ஆட்டங்களுக்கு மட்டும் மருத்துவர் அனுமதி தரும்வரை காத்திருக்க வேண்டும்.