உயர்நிலைப்பள்ளியில் முதல் ஆண்டு

நாற்றங்காலில் அடர்ந்து வளர்ந்த நெல்நாற்றை, உழவர் ஏறத்தாழ 25 நாளில் பறித்து வயலில் நடுவர். நட்ட சில நாள் அது நிறம் வெளுத்துத் தலை சாய்ந்து நிற்கும். காண்போர், 'பயிர் பட்டுவிடுமோ' என ஐயுறுவர். உழவரோ கலங்குவதில்லை. புதுவேர் விட்டதும் பயிர் பச்சை பிடிக்கும் என்பதை அவர் அறிவர். நாற்றங்காலிலேயே விட்டுவைத்தால் அது நல்ல விளைவு தராது என்பதையும் அறிவர்.

மாணவர்களே! ஐந்தாம் வகுப்பை முடித்து உயர்நிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பிற் சேர்வோர் நிலையும் இத்தகையதே. தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஓராசிரியரே எல்லாப் பாடங்களையும் கற்பித்தார். மாணவர் முகம் வாடினும் அறிந்து வினவினார். இங்கோ பாடந்தோறும் ஆசிரியர் மாறுகிறார். மணி அடிக்குந்தோறும் ஒரு பாடவேளை முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. நேற்றுவரை தம் பள்ளியில் மூத்தவராய் இருந்தோர், இன்று எல்லாரினும் இளையராகின்றனர். ஆதலின் உள்ளம் தளர்வது இயல்பே. அஃது அறிவுக் குறைவின் அடையாளம் அன்று.

1931 ஆம் ஆண்டு இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம், உயர்நிலைக் கல்விக்காக இராமநாதபுரம் சென்று சுவார்ட்சு உயர்நிலைப்பள்ளியிற் சேர்ந்தார். தாயையும் பிறந்த ஊரையும் பிரிந்த ஏக்கம் அவரை வருத்தியது. ஆயினும் அவர் படிப்பைக் கைவிட்டாரல்லர். அங்கே ஐயாதுரை சாலமன் என்னும் ஆசிரியர் தமக்கு ஊட்டிய தன்னம்பிக்கையைப் பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் நன்றியுடன் குறித்துள்ளார். ஏங்கி நின்ற அச்சிறுவரே 2002 முதல் 2007 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தார்.

இனி, புதிய இடத்தில் வேரூன்றும் வழி யாது? பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் கற்கும் முறையை அளவிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கல்வியிற் காற்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் கருத்து. உயர்நிலைப்பள்ளி மாணவர் மனத்திற் கொள்ளத்தக்க கணக்கு இது. ஆசிரியர் கையைப் பற்றியே நடந்த காலம் கழிந்தது. இனி மாணவர் தாமே சில அடிகள் எடுத்து வைத்தல் வேண்டும்.

அன்றைய பாடத்தை அன்று மாலையே ஒருமுறை படித்தல் வேண்டும். மறுநாட் பாடவேளைகளைப் பார்த்து, வேண்டிய நூல்களை இரவிலேயே பையில் எடுத்து வைத்தல் வேண்டும். விளங்காத இடத்தைக் குறித்து வைத்து, அப்பாடத்து ஆசிரியரைத் தயங்காது வினவுதல் வேண்டும். பலர் இடர்ப்படுவது இங்கேதான். 'பிறர் நகைப்பரோ' என நாணி வாய் மூடியிருப்பர். ஒருநாள் விளங்காதது மறுநாட் பாடத்தையும் மறைக்கும். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறையும். அது கண்டு, 'எனக்குப் படிப்பு வாராது' எனத் தாமே முடிவு செய்து பள்ளியை விட்டு நின்றோரும் உளர். ஒரு வினாவைக் கேட்க நாணியதால் ஒரு வாழ்வே திசை மாறுதல் எத்துணை இரங்கத்தக்கது!

மற்றொன்றும் உண்டு. நண்பகல் உணவுவேளையில் மரத்தடியில் எவரேனும் தனித்து அமர்ந்திருப்பின், அவரை அழைத்து அருகில் இருத்திக்கொள்ளுங்கள். அவருக்குக் கணக்கு விளங்காதிருப்பின், உங்களுக்கு விளங்கியதைச் சொல்லிக் கொடுங்கள். அவர் துயரும் தீரும். பவணந்தியார் கூறிய அரைப்பங்கும் உங்களை வந்தடையும்.

நட்ட பயிர் ஒரே நாளிற் பச்சை பிடிப்பதில்லை. ஆயினும், மண்ணுக்குள் வேர் ஒவ்வொரு நாளும் சிறிது ஓடிக்கொண்டே இருக்கிறது. பொறுமையோடு முயல்க, புதிய பள்ளி விரைவில் உங்கள் பள்ளியாகும்.