தசைக்கு உரம் தருவது எது?

பினாங்கு மாநிலத்தின் புக்கிட் தெங்காவை அடுத்துள்ளது புக்கிட் மெர்தாஜாம். பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய் வளர்ந்த ஊர் அது. 2014ஆம் ஆண்டு உலக வெற்றியாளர் போட்டியின்போது நடத்தப்பட்ட சோதனையில், தடைசெய்யப்பட்ட மருந்தொன்று அவர் உடலில் இருப்பது தெரியவந்தது. அவர் உட்கொண்ட சத்து மாத்திரையின் உறையில் அம்மருந்து கலந்திருக்கலாம் என்றும் ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என்றும் 2015இல் விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆயினும், எட்டு மாதத் தடைக்கு ஆளாகி, வென்ற வெள்ளிப் பதக்கத்தையும் அவர் இழந்தார்.

விளையாட்டில் ஈடுபடும் இளையோர் சிலர், இன்று அமினோ அமில மாவையும் மாத்திரையையும் நாடுகின்றனர். அவை உண்மையில் தேவைதானா?

நாம் உண்ணும் புரதம் செரிமானத்தின்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. உடல் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 9 உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். உடற்பயிற்சியால் தேய்வுறும் தசைகளைச் சீரமைக்க இவை உதவுகின்றன. இவற்றுள் ஒன்றான லியூசின், தசைப் புரத உருவாக்கத்தைத் தூண்டுகிறது. எனினும், மற்ற எட்டும் போதிய அளவில் இல்லையெனில் அப்பணி முழுமை பெறாது. கொத்தனார் இருந்தும் செங்கல் இல்லாத நிலைக்கு இஃது ஒப்பாகும்.

சில அமினோ அமில மாத்திரைகள் பயிற்சிக்குப் பிந்திய தசை வலியை ஓரளவு தணிக்கலாம். ஆனால், போதிய புரதம் உண்பவரின் ஆற்றலை அவை மேலும் உயர்த்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தேவைக்கு மிஞ்சிய அமினோ அமிலங்களை உடல் சேமித்து வைப்பதுமில்லை. வளர்சிதை மாற்றத்தின்போது அவற்றிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. எஞ்சிய பகுதி எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது.

கடுமையாகப் பயிற்சி செய்யும் விளையாட்டாளருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. இதனை அன்றாட உணவிலேயே பெறலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. மீன், கோழி, தெம்பே, தயிர் ஆகியவையும் புரதம் நிறைந்தவை. அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு ஈடுசெய்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. சோறும் பருப்பும், இட்லியும் சாம்பாரும் நம் முன்னோர் நமக்களித்த நல்ல இணைகள்.

மாத்திரையின் உறைக்குள் என்ன கலந்துள்ளது என்பதை உண்பவர் கண்ணால் அறிய இயலாது. ஆகவே, எந்தச் சத்து மாத்திரையையும் மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. நல்லுணவு, முறையான பயிற்சி, போதிய உறக்கம் ஆகிய மூன்றுமே இளம் விளையாட்டாளரின் உண்மையான உரமாகும்.